எதை வெளியே கொடுப்பது, எதைக் கையில் வைத்திருப்பது: ஸ்டார்ட்அப் நிறுவனருக்கும் மென்பொருள் பொறியாளருக்கும் ஒரு வழிகாட்டி

மென்பொருள் வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா என்று யோசிக்கும் ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மணிநேரக் கட்டணத்தைத்தான். உள்ளூரில் ஒரு பொறியாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இன்னொரு நாட்டில் மூன்று பேரை அமர்த்தலாம் என்று கணக்கு வந்ததும் முடிவும் எடுக்கப்பட்டுவிடுகிறது. அதே கணக்கைப் பார்த்துத்தான் பொறியாளர்களும் தங்கள் வேலை நாளை எந்த நாட்டுக்குப் போகுமோ என்று கவலைப்படுகிறார்கள். கட்டணத்துக்கு இருவருமே அளவுக்கு மீறிய இடம் கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரு வேலை எல்லை தாண்டுமா, தாண்டினால் அங்கே ஒழுங்காக நடக்குமா என்பதை, அந்த வேலையை எவ்வளவு முழுமையாக எழுதிக்கொடுக்க முடியும் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. நிறுவனர் தன் வேலைகளைப் பிரிப்பதற்கும், ஒப்பந்தம் எழுதுவதற்கும், பொறியாளர் தனக்கான இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்த ஓர் அளவுகோல் நெடுந்தூரம் உதவும்.

செலவைச் சரியாகக் கணக்கிடுதல்

நிறுவனங்கள் ஏன் எல்லா வேலையையும் சந்தையில் வாங்காமல் ஆட்களை நிரந்தரமாக வைத்துக்கொள்கின்றன என்ற கேள்விக்குப் பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ் 1937-இல் ஒரு விடை சொன்னார். சந்தையில் வாங்குவதற்கும் செலவு உண்டு: தகுந்த ஆளைத் தேட வேண்டும், பேசி ஒப்பந்தம் போட வேண்டும், சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் செலவுகள் மிகும்போது வேலையை உள்ளேயே செய்துகொள்வது லாபம். உலகமயமாக்கலும் இணையமும் முதல் செலவை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் இணைந்து 2015-இல் அப்வொர்க் என்ற பெயரை எடுத்துக்கொண்ட தளத்திலோ அதைப் போன்ற வேறொன்றிலோ இன்று சில மணி நேரத்தில் ஆள் கிடைத்துவிடும். ஆனால் நமக்கு என்ன வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்கும் செலவும், அவர் செய்து தந்ததைச் சரிபார்க்கும் செலவும் அந்த அளவுக்குக் குறையவில்லை. விலைப்பட்டியலில் இவை இடம்பெறுவதில்லை. நிறுவனரின் நேரமாகவும், தாமதமாகவும், திரும்பச் செய்யும் வேலையாகவுமே இவை வந்து சேர்கின்றன.

அவுட்சோர்சிங் என்னும் இந்த வெளி ஒப்படைப்பின் வரலாற்றில் நன்றாக நடந்த பெரிய வேலைகளைப் பார்த்தாலும் இது தெரியும். ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனம் 1989-இல் தன் கணினி மையங்களை ஐபிஎம் வசம் ஒப்படைத்தது. அதற்குப் பிறகு பல பெரிய நிறுவனங்கள் துணிந்து அந்த வழியில் சென்றன. இயந்திரங்கள் இத்தனை மணி நேரம் ஓட வேண்டும், இத்தனை நிமிடத்துக்குள் பழுது சரியாக வேண்டும் என்று எழுதக்கூடிய வேலை அது. 1990-களின் இறுதியில் இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்குப் பெருவாய்ப்பாக வந்த ஒய்2கே திருத்தமும் அப்படிப்பட்டதே. ஆண்டை இரண்டு இலக்கத்தில் குறித்ததால் 2000 பிறந்ததும் அதை 1900 என்று எண்ணிவிடக்கூடிய பழைய நிரல்களைத் தேடித் திருத்த வேண்டும். என்ன செய்வது என்பதில் ஐயமில்லை, முடிக்க வேண்டிய தேதியிலும் ஐயமில்லை. இவற்றைக் கொடுத்தவை எல்லாம் தங்கள் தொழில் இன்னது என்று ஏற்கெனவே அறிந்திருந்த நிறுவனங்கள். ஸ்டார்ட்அப்பின் நிலைமை அப்படியில்லை. தன் பொருள் எதுவாக இருக்க வேண்டும் என்பதையே அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. பெரிய நிறுவனத்துக்குப் பொருந்திய முறையை அப்படியே பின்பற்றும் இளம் நிறுவனங்கள் தடுமாறுவதற்கு முதல் காரணம் இந்த வேறுபாடுதான்.

வேலைகளைப் பிரிக்கும் முறை

அடுத்த மூன்று மாதத்துக்கான வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பக்க அளவில் எழுதிப் பாருங்கள். நிறுவனத்தோடு தொடர்பில்லாத, ஆனால் துறை தெரிந்த ஒருவரிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்து, வேலையைத் தொடங்குவதற்கு முன் அவருக்கு எழும் கேள்விகளை எல்லாம் கேட்கச் சொல்லுங்கள். கேள்விகளின் எண்ணிக்கையைவிட உங்கள் பதில்களின் தன்மை முக்கியம். உடனே பதில் சொல்ல முடிந்தால், விவரம் உங்களிடம் இருக்கிறது, எழுத மறந்துவிட்டீர்கள் என்று பொருள். எழுதிச் சேர்த்துவிட்டு அந்த வேலையை வெளியே கொடுக்கலாம். 'பயனர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்' என்பது உங்கள் பதிலாக வந்தால், அந்த வேலைக்குள் ஒரு தேடல் ஒளிந்திருக்கிறது. அதை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலுத்தும் வசதியை இணைப்பது, முடிவாகிவிட்ட ஆண்ட்ராய்டு செயலியை ஐபோனுக்கு எழுதுவது, தரவுகளை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, தானியங்கிச் சோதனைகளை எழுதுவது ஆகியவை பெரும்பாலும் முதல் வகையில் சேரும். புதிய பயனர் பார்க்கும் முதல் திரை, கட்டண முறை, தேடினால் எது மேலே வர வேண்டும் என்ற வரிசை ஆகியவை இரண்டாம் வகை. எளிய வேலை வெளியே, கடினமான வேலை உள்ளே என்று பிரிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறான பிரிவு. பாதுகாப்புத் தணிக்கை மிகக் கடினமான வேலை, ஆனாலும் அதன் எல்லைகளைத் துல்லியமாக வரையறுக்க முடியும் என்பதால் வெளியிலிருக்கும் வல்லுநரிடம் கொடுப்பதே சிறந்தது. வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவது எளிதாகத் தோன்றும், கேள்வி பதில்களை ஓர் ஆவணமாக்கிக் கொடுத்துவிடலாம் என்றும் தோன்றும். ஆனால் முதல் ஓராண்டில் உங்கள் பொருளில் எது குறை, யாருக்கு அது உண்மையில் தேவைப்படுகிறது என்பதை அந்தப் புகார்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியது வேறெதுவும் இல்லை. நிறுவனரே அமர்ந்து படிக்க வேண்டியவை அவை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பணத்தை மிச்சப்படுத்த முதலில் வெளியே அனுப்பப்படும் வேலைகளில் இதுவும் ஒன்றாக இருக்கிறது.

அலுவலகக் குழுக்கள் உரையாடப் பயன்படுத்தும் செயலியான ஸ்லாக் 2013-இல் தன் வடிவமைப்பைக் கனடாவைச் சேர்ந்த மெட்டாலேப் என்ற நிறுவனத்திடம் கொடுத்தது. அவுட்சோர்சிங்குக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது. லோகோ, இணையதளம், செயலியின் தோற்றம் எல்லாம் அங்கே உருவாயின. ஆனால் அதற்கு முன்பே அந்தக் குழு தன் சொந்த உபயோகத்துக்காக அந்தக் கருவியின் தொடக்க வடிவை உருவாக்கி, தானே அதில் தினமும் வேலை செய்துகொண்டிருந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்பது அவர்களுக்குப் பட்டறிவாகத் தெரிந்திருந்தது. தேடலின் முக்கியப் பகுதியை முடித்த பிறகு கொடுத்தார்கள் என்பதால் அது பலித்தது.

இணையம் வழியே பேச உதவிய ஸ்கைப் இன்னொரு வகையில் கவனிக்கத்தக்கது. 2003-இல் அதைத் தொடங்கியவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃப்ரீஸும். மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனியாவின் தாலினில் இருந்தார்கள். எழுதிக்கொடுத்ததைச் செய்து முடித்துக் கட்டணம் வாங்கிச் செல்பவர்களாக அவர்கள் நடத்தப்படவில்லை. அதே நிறுவனர்களோடு கோப்புகளைப் பகிரும் கசா என்ற முந்தைய மென்பொருளிலும் உழைத்தவர்கள், பொருளின் மையத்தை வடிவமைத்தவர்கள், 2005-இல் ஈபே 260 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியபோது அந்தத் தொகையில் ஒரு பங்கைப் பெற்றவர்கள். ஸ்கைப்பின் முதல் ஊழியரான தாவெத் ஹின்ரிகுஸ் பின்னர் 2011-இல் டிரான்ஸ்ஃபர்வைஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப உதவும் இன்றைய வைஸ் அதுவே. தூரம் தடையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தேடலில் கூட்டாளியாக இருந்தவர்கள் அடுத்த நிறுவனங்களைக் கட்டுகிறார்கள். குறிப்பைப் பார்த்து வேலை முடித்துக் கொடுப்பதோடு நின்றுவிட்ட குழுவில் அந்த முளை தோன்றுவது அரிது. ஒரு நாட்டுக்கு எத்தனை வேலைகள் வந்தன என்பதைவிட எப்படிப்பட்ட வேலைகள் வந்தன என்பதைப் பொறுத்தே அங்கே ஸ்டார்ட்அப்கள் வளர்கின்றன.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

காசு கொடுத்து எழுதவைத்த நிரல் தானாகவே நமக்குச் சொந்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். பல நாடுகளில் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. ஊழியர் எழுதினால் பதிப்புரிமை பொதுவாக நிறுவனத்துக்குச் சேரும். ஒப்பந்தக்காரர் எழுதினால், எழுத்து மூலம் உரிமை மாற்றம் செய்யப்படாதவரை அது அவரிடமே தங்கக்கூடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் ஒரு சிற்பம் தொடர்பான வழக்கில் இந்த வேறுபாட்டை உறுதிசெய்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. உரிமை மாற்ற ஆவணத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதப்படாத நிலையில், உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் மாற்றம் காலாவதியாகிவிடும். ஆகவே இந்தியாவிலுள்ள குழுவிடம் வேலை வாங்குகிற நிறுவனம், எந்த நாட்டைச் சேர்ந்ததாக இருந்தாலும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், ஓராண்டு விதி பொருந்தாது என்ற சொற்களோடும் உரிமையை எழுதி வாங்க வேண்டும். முதலீட்டாளர் வந்து ஆவணங்களைக் கேட்கும் நேரத்தில் இந்த வரிகள் இல்லையென்று தெரியவந்தால், ஊரைவிட்டுப் போய்விட்ட பழைய ஒப்பந்தக்காரரைத் தேடிக் கையெழுத்து வாங்க வேண்டிய நிலை வரும்.

சோர்ஸ் கோடு (மூல நிரல்) சேமிக்கப்படும் ரெப்பாசிட்டரி, கிளவுட் கணக்கு, டொமைன் பெயர், ஆப் ஸ்டோர் கணக்கு ஆகிய நான்கும் முதல் நாளிலிருந்தே உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். வெளிக்குழுவுக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்பப் பெறுங்கள். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கட்டண அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, திருடர்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தியது குளிர்சாதன வேலை செய்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு. தனிநபர் தரவு வெளிக்குழுவின் கைக்குப் போகிறது என்றால் சட்டமும் தலையிடும். 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், தரவைக் கையாளும் வெளி நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்கிறது. கடுமையான மீறல்களுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்பனையில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. முடிந்தவரை உண்மைத் தரவைக் கொடுக்காமல், அதே வடிவில் உருவாக்கிய போலித் தரவை வைத்தே வேலை வாங்குங்கள்.

வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2022 முதல் மென்பொருள் உருவாக்கச் செலவை உள்நாட்டு வேலையென்றால் 5 ஆண்டுகளுக்கும், வெளிநாட்டு வேலையென்றால் 15 ஆண்டுகளுக்கும் பிரித்தே வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்க முடிந்தது. 2025-இல் வந்த சட்டம் உள்நாட்டுச் செலவை உடனே கழிக்கும் வசதியை மீட்டுக்கொடுத்தது. வெளிநாட்டுச் செலவுக்கான 15 ஆண்டு விதி நீடிக்கிறது. ஓர் அமெரிக்க ஸ்டார்ட்அப்புக்கு ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலர், வெளிநாட்டு நிரலாளர்களுக்கான செலவு 9 லட்சம் டாலர், வேறு செலவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 1 லட்சம். ஆனால் 9 லட்சத்தை 15 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 60,000 டாலர், அதிலும் முதல் ஆண்டில் அரையாண்டுக்கான பங்கு மட்டுமே கழிக்கப்படும் என்பதால், கழிக்க முடிவது 30,000 டாலர். வரிக்குரிய வருமானம் 9.7 லட்சம், 21 சதவீத மத்திய வரி மட்டும் 2 லட்சம் டாலரைத் தாண்டிவிடும். மணிநேரக் கட்டணத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தச் செலவு கண்ணில் படாது.

கட்டணம் எந்த அடிப்படையில் என்பதையும் அதே அளவுகோலால் முடிவு செய்யலாம். முழுதாக எழுதிக்கொடுக்க முடிந்த வேலைக்கு மொத்தத் தொகை பேசுங்கள். மாறிக்கொண்டிருக்கும் வேலையை மொத்தத் தொகைக்குக் கொடுத்தால், ஒவ்வொரு மாற்றமும் கூடுதல் கட்டணப் பேச்சாக மாறி, கற்றுக்கொள்வதையே செலவு மிக்கதாக்கிவிடும்.

அன்றாடம் வேலை வாங்குதல்

கலிஃபோர்னியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே கோடையில் 12½ மணி நேரமும் குளிர்காலத்தில் 13½ மணி நேரமும் வேறுபாடு. ஒரு சந்தேகம் கேட்டு, பதிலைப் பார்த்து, அதிலிருந்து இன்னொரு சந்தேகம் கேட்டால் மூன்று நாள் போய்விடும். பகலும் இரவும் மாறி மாறி வேலை நடக்கும் என்ற நம்பிக்கை, முழுதாக எழுதப்பட்ட வேலைக்கு மட்டுமே பொருந்தும். மற்றதற்கெல்லாம் இரு தரப்பும் விழித்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் தினமும் தேவை. அதற்காக ஒரு தரப்பே எப்போதும் இரவில் கண்விழிக்க வேண்டும் என்பது நியாயமல்ல. மாதந்தோறும் முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

நிரலை வாரந்தோறும் படித்து, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்கக்கூடிய ஒருவர் உங்கள் நிறுவனத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். இதில் சமரசம் கூடாது என்றே சொல்வேன். அப்படி ஒருவர் இல்லாத நிலையில் வேலையைக் கொடுத்தால், தரம் குறைந்திருப்பது பயனர்கள் வந்த பிறகுதான் தெரியும்.

கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு நிறுவனத்துக்குள் தகவல் எப்படிப் போய்வருகிறதோ அதே அமைப்பைத்தான் அது உருவாக்கும் மென்பொருளும் கொண்டிருக்கும் என்று காட்டினார். முன்திரையை ஒரு நாட்டிலும் பின்னணி நிரலை இன்னொரு நாட்டிலும் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு சிறு வசதிக்கும் இரு நாடுகள் கூடிப் பேச வேண்டியிருக்கும். அறிக்கைகள் பகுதி, கட்டணப் பகுதி என்று தனித்து நிற்கக்கூடிய முழுப் பகுதியாகக் கொடுப்பது நல்லது.

விற்பனைப் பேச்சில் மூத்த பொறியாளர்களைக் காட்டிவிட்டு, வேலையில் புதியவர்களை அமர்த்தும் வழக்கம் உண்டு. யார் யார் வேலை செய்வார்கள் என்ற பெயர்களையும், அவர்களை மாற்றினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய காலத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெரிய வேலைக்கு முன் இரண்டு வார அளவிலான சிறு வேலையைக் கட்டணத்தோடு கொடுத்துப் பாருங்கள். அதில் எதிர்த்தரப்பு உங்களிடம் கேள்வி கேட்கிறதா என்று கவனியுங்கள். எதையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் குழுவைவிட, குறிப்பில் உள்ள முரணைச் சுட்டிக்காட்டும் குழு மதிப்புமிக்கது. காலாண்டுக்கு ஒருமுறை, அந்தக் குழுவின் உதவியில்லாமல் உங்கள் ஆள் ஒருவர் ரெப்பாசிட்டரியிலிருந்து முழு அமைப்பையும் நிறுவி ஓடவைக்க முடிகிறதா என்று சோதியுங்கள். முடியவில்லையென்றால் உங்கள் பொருள் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை.

பொறியாளருக்கு

பொருளியல் அறிஞர் ஆலன் பிளைண்டர் 2006-இல் ஒரு கட்டுரையில், வேலைகள் கடல் தாண்டுவதற்கும் படிப்பின் உயரத்துக்கும் தொடர்பில்லை என்றார். தரம் குறையாமல் கம்பி வழியே அனுப்பக்கூடிய வேலை போகும், நேரில் செய்ய வேண்டியது தங்கும் என்பது அவர் வாதம். மென்பொருளில் ஏறக்குறைய எல்லாமே கம்பி வழியே போகக்கூடியது என்பதால், எழுதிக்கொடுக்க முடியுமா என்ற கேள்வி இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. குறிப்பு வந்தால் நிரல் எழுதுவது என்ற அளவில் நிற்கும் வேலை எந்த நாட்டிலும் உறுதியானதல்ல. மலிவான நாட்டுக்கு முதலில் போவதும் அதுதான், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் எட்டுவதும் அதைத்தான்.

வெளிநாட்டு ஆட்கள் வருவதைத் தடுத்தால் வேலை உள்நாட்டில் தங்கிவிடும் என்பதும் உறுதியில்லை. திறன்மிக்க வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான எச்-1பி விசாக்களை அமெரிக்கா ஆண்டுக்கு 65,000 என்றும், அங்கே மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்றும் வரம்பிட்டிருக்கிறது. இந்த வரம்பு இறுகியபோது பல பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியா, சீனா, கனடா ஆகிய நாடுகளிலுள்ள தங்கள் கிளைகளில் ஆட்களைப் பெருக்கின என்று பொருளியல் அறிஞர் பிரிட்டா கிளென்னனின் ஆய்வு காட்டுகிறது. இந்தியாவில் மட்டும் பன்னாட்டு நிறுவனங்களின் சொந்தத் தொழில்நுட்ப மையங்கள் 2024-இல் 1,700-ஐத் தாண்டியிருந்தன. சுமார் 19 லட்சம் பேர் அவற்றில் வேலை செய்தார்கள். அவற்றுள் ஒரு பொருளின் முழுப் பொறுப்பையும் ஏற்ற மையங்களும் உண்டு, தலைமையகம் அனுப்பும் வேலைப் பட்டியலை முடித்துக் கொடுப்பவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சம்பளமும் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கும்.

நேர்காணலில் இந்த வேறுபாட்டை நீங்களே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். அடுத்து எதை உருவாக்குவது என்று முடிவெடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். இரவில் அமைப்பு பழுதானால் அழைப்பு யாருக்கு வரும், பயனரோடு இந்தக் குழு கடைசியாக எப்போது பேசியது, இங்கிருந்து எழுந்த ஒரு யோசனை பொருளில் இடம்பெற்ற நிகழ்வு ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் சேர்வது நல்லது என்று நான் நினைக்கிறேன், குறிப்பாக முதல் ஐந்தாண்டுகளில்.

ஏற்கெனவே குறிப்பைப் பார்த்து வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டியதில்லை. கையிலுள்ள வேலை எந்தத் தொழிலுக்காக நடக்கிறதோ அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். காப்பீட்டு மென்பொருள் என்றால் இழப்பீட்டுக் கோரிக்கை எப்படிப் பரிசீலிக்கப்படுகிறது என்பதை, மருத்துவமனை மென்பொருள் என்றால் நோயாளியின் பதிவு யார் யார் கைக்குப் போகிறது என்பதை. குறிப்பிலுள்ள குறையை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள், மாற்று வழியையும் சேர்த்து எழுதுங்கள். சில மாதங்களில் குறிப்பு எழுதும் கூட்டத்துக்கே உங்களை அழைக்கத் தொடங்குவார்கள். அப்படி அழைக்காமல், கேள்வி கேட்பதையே தொல்லையாகக் கருதும் இடமாக அது இருந்தால், வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.